தேர் வீதியில் அவள் முடித்த நேர்த்தி

மலேரியாக் காய்ச்சல் பரவிய காலம். மகள் படுக்கையில் கிடந்தாள். சுன்னாகத்துக்கு அருகில், எங்கள் அம்மன் கோயில் தேரன்று அவளுக்காக அடியழித்தேன். தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து வணங்கியபடி வீதி சுற்றும் நேர்த்திக்கடன் அது. பாதி வழியில், சுடுமணலில் மயங்கிவிட்டேன்.

பின்னால் அடியழித்து வந்த, முன்பின் அறியாத ஒருத்தி என்னைத் தூக்கி இருத்தி மோர் பருக்கினாள்.

"பிள்ளைக்கு வைச்ச நேர்த்தி குறையில நிண்டுட்டுதே!" என்று அழுதேன்.

"அழாதேங்கோ அக்கா. மிச்ச அடியை உங்கடை பிள்ளைக்கும் சேர்த்து நான் அழிக்கிறன்."

"உங்கடை நேர்த்தி ஆருக்கு?"

"என்ரை மகனுக்கு. அவன் போன வருசத் தேருக்கு முன்னமே செத்துப்போனான். வைச்ச நேர்த்தி வைச்சதுதானே!"

சொல்லிவிட்டு மணலில் விழுந்து வணங்கினாள்.

என் மகள் பிழைத்தாள். கேட்டது கிடைப்பதற்கே கோயில் என்றிருந்தவள் நான். இப்போதெல்லாம் சந்நிதியில் கைகூப்பினால், பெயர் தெரியாத அந்த மகனின் நினைவுதான் முதலில் வருகிறது.