பத்தொன்பதாம் நம்பர் மலை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரம் உட்கார்ந்து நான் வரைந்த மேப்பின் மேல் ஒரு பெண்மணி சேற்றுக் காலோடு ஏறி நின்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கோபம்தான். கலர் பென்சில் வேலை மட்டுமே ஒரு வாரம்!

இடம், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். லயத்துக் காம்பராக்களில் — வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் — நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு, ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைக்கப்போகிறது. எங்கே கட்டலாம் என்று ஒரு மேப் போட்டுத் தரச்சொல்லி வீட்டுக் கமிட்டி என்னைக் கேட்டது. நான் புவியியல் டீச்சர். போதாக்குறைக்கு, வறண்ட பிரதேசங்களில் நிலத்தை எப்படித் திட்டமிட்டுப் பயன்படுத்துவது என்று ஒரு பயிற்சிக்கும் போய்வந்தவள். விடுவேனா?

அங்கே சொல்லித்தந்ததற்குப் பெயர் லேண்ட்ஸ்கேப் இகாலஜி. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். விஷயம் இவ்வளவுதான். ஒரு காட்டுத் துண்டைத் தனியாகப் பார்க்காதே. அது எதை எதோடு சேர்க்கிறது என்று பார். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, மிருகம் எந்த வழியாகப் போகிறது… ஹட்டன் ரோட்டை நடுவில் வெட்டிவிட்டு, "பஸ் நிற்கிற ஹோல்ட் எல்லாம் அப்படியேதானே இருக்கிறது" என்றால் பஸ் வருமா?

குளிர் நாட்டுக்கும் வறட்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மலைநாட்டைக் கலண்டரில் மட்டும் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி அது. மாசி, பங்குனியில் ஒரு பீலிக்கரைக்கு வந்து பாருங்கள். ஊற்றுத் தண்ணீர் தகரப் பீலி வழியாக நூலாக விழும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு குடும்பத்துச் சண்டை முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம். அதனால்தான் வறண்ட பூமியின் பாடம் இங்கேயும் செல்லும் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

மேப்புக்கு வருவோம். வீடு கட்ட, தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், இரண்டு இடங்களைக் கைகாட்டினார். இரண்டுமே 'நம்பர் இல்லாத' இடங்கள். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் பரப்பு — ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று இங்கே பதினெட்டு. தேயிலை இல்லாத இடத்துக்கு நம்பர் கிடையாது. நம்பர் இல்லையென்றால் அது சும்மா கிடக்கிற இடம். துரை ஆபீஸிலும் அதுதான் நினைப்பு, லயத்திலும் அதுதான் நினைப்பு.

சாட்டிலைட் படத்தில் முதல் இடம் பச்சைப் பசேல் என்று இருந்தது. 'காடு, தொடக்கூடாது' என்று எழுதினேன். இரண்டாவது இடம் காய்ந்த புதராகப் பழுப்பாகத் தெரிந்தது. 'வீடு கட்டலாம்' என்று எழுதினேன். கமிட்டிக்கு ஒரே சந்தோஷம். சீட்டுக் குலுக்கி அந்தப் புதர்க் காணியைப் பங்கும் போட்டுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கையெழுத்துக்காக. பிள்ளைக் காம்பராவில் — தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் — தரையில் மேப்பை விரித்திருந்தோம். அப்போதுதான் மகேஸ்வரி வந்தார். கொழுந்து எடுப்பவர். ஒரு காம்பராவில் புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகளோடு இருப்பவர். சீட்டுக் குலுக்கிய அன்று அவர் மலையில் வேலையில் நின்றார். மாமியார் எடுத்த சீட்டில் விழுந்தது நாலாம் நம்பர் துண்டு. ரோட்டோரம். இருப்பதிலேயே நல்ல துண்டு.

நேராக மேப்பில் ஏறினார்.

"டீச்சர், பச்சையா இருக்கே, இது என்னாங்க?"

"காடும்மா. அதத் தொடக்கூடாது. அதுலதான் தண்ணி இருக்கு."

"காடா? அது யூகலிப்டஸுங்க டீச்சர்! உள்ள போனா சருகுதான் சடசடங்கும். குருவிகூட கத்தாது. சொட்டுத் தண்ணி கெடையாது."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னும் இரண்டு எட்டு வைத்தார்.

"பீலிக்குத் தண்ணி இந்தா, இங்கருந்து வருது." கால் நின்ற இடம், பழுப்புப் புதர்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா மகேஸ்வரி, ஒன்னோட நாலாம் நம்பரு அங்கதான இருக்கு?"

"தெரியுங்க தலைவரே."

"தெரிஞ்சுமா சொல்ற?"

"வேற என்னாங்க செய்ய? புது வீடு கட்டி, பைப்பத் தொறந்தா காத்து வந்தா… காத்தயா குடிக்கிறது?"

மாமியார் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். மகேஸ்வரியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கும் ஆசதான் மாமி. மூத்தவ பெரிய மனுஷியாகி ஒரு வருஷம் ஆச்சு. மறைவா உடுப்பு மாத்த ஒரு மூல இல்ல. ஆனா கண்ணால பாத்தத எப்படிப் பாக்கலன்னு சொல்றது?"

நான் குனிந்து என் மேப்பைப் பார்த்தேன். மழை பெய்து ஐந்து வாரம். தோட்டம் முழுக்கப் புழுதி. இவர் காலில் மட்டும் சேறு எங்கிருந்து வந்தது? அந்தப் புதருக்குள் விறகு பொறுக்கிவிட்டு நேராக வருகிறார்! சேற்றைப் பார்த்ததுமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கலர் பென்சிலை நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். யூகலிப்டஸ் பக்கம் அவர் சொன்னபடியே சருகு. அதோடு செங்குத்துச் சரிவு. அங்கே வீடு கட்டினால் மண்சரிவுதான். புதர் மேலேதான் காய்ந்திருக்கிறது, உள்ளே காலை வைத்தால் ஊற்றுச் சேற்றில் கணுக்கால்வரை புதைகிறது. மேல்பக்கம் பெரிய காடு, கீழே ஆறு, இரண்டையும் சேர்க்கிற வழி இது. நடுவில் ஓர் ஒற்றையடித் தடம்.

"சிறுத்த எறங்குற வழிங்க" என்றார் மகேஸ்வரி. "இப்படியே ஆத்துக்குப் போயிட்டு இப்படியே ஏறிரும். இத மறிச்சா அது எங்க போவும்? நம்ம லயத்து வாசல் வழியாத்தான்."

பயிற்சியில் எனக்கு ஐந்து நாள் சொல்லித்தந்தது இதைத்தான். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பாடம் சரி. படித்தவள்தான் வானத்திலிருந்து பார்த்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருக்கும் மீசை. பீலிக்கரையில் குடத்தோடு நிற்பவர் ஒருவர்கூட அதில் இல்லை. நானும் மூன்று வாரத்தில் ஒரு நாளாவது அந்த வரிசையில் போய் நின்று கேட்டேனா? இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒன்பதாம் நம்பர் மலையைக் கடந்தோம். தேயிலை மலை என்று பெயர். தேயிலை செத்துப் பல வருஷம், ஆளுயரத்துக்கு மானாப்புல். சரிவும் அதிகமில்லை, ரோடும் பக்கம். இருபத்திரண்டு வீடு தாராளமாகக் கட்டலாம். "இதக் கேட்டா என்ன?" என்றேன்.

தலைவர் பதறிப்போனார். "அது நம்பர் மலைங்க டீச்சர்! தேயிலையக் கேக்க முடியுமா?"

எங்கள் சனம் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. தேயிலைதான் சோறு போடுகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி, செத்துப்போன தேயிலைக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். அந்தப் புல்லைப் பல வருஷமாக எல்லோரும்தான் பார்க்கிறார்கள். கேட்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டோம். மகேஸ்வரியும் வந்தார், கமிட்டியில் இப்போது மீசையில்லாத எட்டாவது ஆள் அவர்தான். துரை ரெஜிஸ்டரைத் திறந்தார். ஒன்பதாம் நம்பர் — தேயிலை. "இங்கே தேயிலை என்று இருக்கிறதே" என்றார். "ஒரு கிலோ கொழுந்து எடுத்துக் காட்டுங்க தொரை, நாங்க பேசாமப் போயிர்றோம்" என்றார் மகேஸ்வரி. துரை நேரிலேயே வந்தார். புல்லுக்குள் கால்மணி நேரம் நடந்தார். பிறகு மேலிடத்துக்கு எழுதினார்.

இந்தப் புதன்கிழமை சம்மதம் வந்துவிட்டது. மறுநாளே ஒன்பதாம் நம்பரில் சர்வேயர் முளை அடித்தார். புதிதாகச் சீட்டுக் குலுக்கினோம். நல்ல துண்டை மகேஸ்வரிக்கே விட்டுவிடலாம் என்று தலைவர் சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. "எல்லாருக்கும் சீட்டுன்னா எனக்கும் சீட்டுதான்" என்றார். கிடைத்தது கடைசித் துண்டு. ரோட்டிலிருந்து எழுபத்துச் சொச்சம் படி ஏறவேண்டும். எனக்கு மனசு கனத்துப்போனது. அவரோ அங்கே நின்று, மகளுக்கு அறை எந்தப் பக்கம் என்று காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பழைய புதருக்கும் ஒரு நம்பர் போடச்சொல்லித் துரையிடம் பிடிவாதமாக நின்றேன். நம்பர் இல்லாததால்தானே பறிபோகப் பார்த்தது? ரெஜிஸ்டரில் 'பத்தொன்பது' என்று எழுதியவர், அடுத்த கட்டத்தில் நிறுத்தினார்.

"பயிர் என்ன என்று எழுதுவது?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகேஸ்வரி சொன்னார். "தண்ணின்னு எழுதுங்க தொரை."

எழுதினார். பென்சிலால்தான்… பரவாயில்லை, அடுத்த வாரம் பேனாவோடு போகிறேன்!