மாமனார் தந்த மாம்பழம்

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்த முதல் கோடையில், மாமனார் தன் தோப்பில் பறித்த சப்பட்டை மாம்பழத்தை எனக்கென்று நறுக்கித் தந்தார். எனக்கு மாம்பழம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல மனம் வராமல் சாப்பிட்டுவிட்டேன். சற்று நேரத்தில் உதடு தடித்து முகமெல்லாம் அரித்தது. அவரே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். இனி மாம்பழமே வேண்டாம், அதன் பால் மேலே படவும் கூடாது என்றார் டாக்டர்.

திரும்பும்போது மாமனார், "முன்னாலயே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றார்.

"நீங்க அம்புட்டு ஆசையா குடுத்தீய, மாமா."

வீட்டை நெருங்கும்போது அவர், "கொய்யா ஒத்துக்கிடுமா?" என்று கேட்டார்.

இப்போதும் மாம்பழ சீசனில், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் என்னிடமிருந்து காபி டம்ளரை வாங்குகிறார்.