ஒட்டியிருந்த காகிதம்

இது நடந்தது. நம்பாதவர்களிடம் வாதாட எனக்கு வராது. அதனால் மணி, நிமிடத்தோடு இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

குமணன்சாவடியில் கலீல் பாயின் கிடங்கில் ஒரு பழைய ராட்டின ஆர்கன் இருக்கிறது. முன்பு பொருட்காட்சியில் குதிரை ராட்டினத்தின் நடுவே நின்று வாசித்ததாம். துளை போட்ட நீள அட்டையை உள்ளே விட்டு, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். துளை வரும் இடத்தில் குழல் ஊதும். அட்டை இற்றுப்போவதற்குள் அந்தப் பாட்டைப் பதிவு செய்யச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டிருந்தார் பாய். அப்பா ஜெயபால், சர்ச் ஆர்கன்களைப் பழுது பார்ப்பவர். நான் அவருக்குத் துணை.

அட்டையில் ஒரு முழ நீளத்துக்கு யாரோ பழுப்புக் காகிதம் ஒட்டித் துளைகளை மூடியிருந்தார்கள். பாட்டு முழுசாக வேண்டுமே என்று ஈரத்துணி வைத்து உரித்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. பக்கத்துத் தகரப் பட்டறை ஜும்மாவுக்கு மூடும் நேரத்தில்தான் அங்கே சத்தம் ஓயும். மதியம் 1.22க்கு ஷட்டரை இறக்கினோம். நான் சுற்றியபோது வேகம் மாறி, பாட்டு இழுத்தது. அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்தான் ஆகிறது. கையை வீசி வேலை செய்யவே கூடாது.

"குடும்மா. ஒரே வாட்டி."

கைப்பிடியை வாங்கிக்கொண்டார்.

1.31. உரித்த இடம் உள்ளே போனது.

ஒரு குழல் மட்டும் ஊதியது... யாரோ மூச்சுக்குத் தவிப்பது போல.

அப்பாவின் முகம் வெளுத்தது.

"கைய எடுக்க முடியலம்மா..."

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வரவில்லை. அட்டையை இரண்டு கையாலும் உருவினேன். அது வெளியே வந்துவிட்டது.

பாட்டு நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

கைப்பிடி சுற்றியது.

அப்பா என்னையே பார்த்தார்.

இமைக்கவில்லை.

1.35. நின்றது. அப்பா சரிந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

தொழுகை முடிந்து வந்த பாய், தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இத்த ஏம்மா உரிச்சே? பொருட்காட்சில இத்த சுத்திக்கினு இருந்த ஆளு, பாட்டுல அந்த எடம் வர்றப்பதான் செத்துப்போனாரு. பாட்டு முடியற வரிக்கும் கை மட்டும் சுத்திக்கினே இருந்துச்சாம். அதுக்கப்புறம்தான் எங்க அத்தா காயிதம் ஒட்னாரு."

அதைக் கட்டுக்கதை என்று தள்ளியிருப்பேன். ஆனால் அன்று அப்பாவின் சட்டைக்குள், நெஞ்சுத் துடிப்பைப் பதியும் கருவி ஒட்டியிருந்தது. மறுநாள் டாக்டர் தாளைப் புரட்டினார். கோடு மேடு பள்ளமில்லாமல் ஓடிய ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"நேத்து ஒன்னு முப்பத்தொன்னுலேர்ந்து நாலு நிமிஷம் வயரக் கழட்டி வெச்சிருந்தீங்களா?"

அப்பா கழற்றவில்லை.