தபால் அண்ணனின் கால் விரல்கள்

எங்கள் தெருத் தபால்காரர் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்தாராம், எழுப்பியபோது கால் விரல்கள் உறைந்து போயிருந்தனவாம். கையில் புட்டிகூட இருந்ததாம். அந்தக் கதையில் புட்டியைச் சேர்த்தது நான்தான். என் சலூனில் கத்தரி ஓடும்போது வாய் மட்டும் சும்மா இருக்குமா? செய்த பாவத்துக்கு, அவர் வீட்டில் நேரில் கேட்ட நிஜத்தை எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நடந்தே தபால் கொடுத்தவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பார் எல்லாம் அத்துப்படி. கால்தான் அவருக்குச் சோறு போட்டது.

பனி கொட்டும் எங்கள் ஊரில் இந்தக் குளிருக்கு ஆபீஸில் புது பூட்ஸ் கொடுத்தார்கள். அவர் அளவு தீர்ந்துவிட்டதால் ஒரு அளவு சின்னதை வாங்கி வந்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, எடுத்து வைத்த கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, காலைத் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டினார். மூன்று போட்டால் மூன்று மடங்கு சூடு என்று நினைப்பு. இறுக்கினால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார்.

மதியமே விரல்கள் வலித்தன. அப்புறம் வலி நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக மிச்சத் தெருக்களையும் முடித்தார். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம் என்று அண்ணி உள்ளே போனார். அதுவரை பொறுக்காமல் இவர் இரும்பு அடுப்பில் பாதங்களை வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து அண்ணி கேட்டாராம்: “என்னங்க, ஏதோ தீயுற வாசனை வருது?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

வலது காலில் ஐந்து, இடது காலில் இரண்டு. எடுத்துவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கேட்டு ஆபீஸுக்கு எழுதினார். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. கேட் சத்தம் கேட்டால் நிமிர்கிறார். புது ஆள் கரண்ட் பில்லைப் போட்டுவிட்டுப் போகிறான்.

புட்டி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று பார்த்தேன். கட்டுப் போட்ட காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குடிக்கலடா. பனியில விழவும் இல்ல. என் வீட்டுல, என் அடுப்புல, நானே சுட்டுக்கிட்டேன்.”