தங்கம் டீச்சரும் நானும் தங்கிய இடங்கள்

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மாட்டுங்காவிலிருந்து ஆள் வந்தார். தங்கம் டீச்சரின் அண்ணன் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர். டீச்சருக்கு விஷ ஜுரம் இறங்கிவிட்டது என்று முந்தின நாள்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தவர் வகுப்பு வாசலில் நின்று, தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் பாட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

எங்கள் தாராவிப் பள்ளியில் டீச்சரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். லீவு விட்டால் டீச்சர் பாலக்காட்டுக்குப் போய்விடுகிறார் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர் போனது பாலக்காட்டுக்கு அல்ல. கூடப் போனவள் நான்.

டீச்சரின் கணவர் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஜனங்கள் கால்நடையாகவே இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அவரும் புறப்பட்டார். கூட நடந்து வந்த ஒருவர் பிறகு மாட்டுங்காவுக்கு வந்து சொன்னார்: மலைப்பாதையில் கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாராம். "நீங்க போங்கோ, பின்னாலே வரேன்" என்றாராம். கிடைத்த செய்தி அவ்வளவுதான். அதற்குப் பிறகு, ஏதோ ஓர் ஊரில் தமிழ் பேசும் நோயாளி ஒருவர் கிடக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும், டீச்சர் புறப்பட்டுவிடுவார்.

அண்ணன் ஒருமுறை போய் வந்து கைவிட்டுவிட்டார். டீச்சர் என்னைக் கேட்டார். "நீ வந்தாத்தான் ஆகும், பேச்சி. போலீஸ் ஸ்டேஷன்ல பேர் கேப்பா. ஆத்துக்காரர் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் கணவரை இழந்தவள். தடுக்க வீட்டில் ஆளில்லை. விஸ்வநாதன் என்ற பெயரை ஊர் ஊராகச் சொல்வது என் வேலையாயிற்று.

பெயரைச் சொல்வது எளிது. தங்க இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. லாட்ஜுக்குள் நுழைந்தால், மேனேஜர் எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "ஆத்மி கிதர் ஹை?" என்பார், ஆம்பளை எங்கே என்று. ஆண் துணை இல்லாத பெண்களுக்கு அறை கிடையாது. "அந்த ஆத்மியைத் தேடித்தான் வந்திருக்கோம்" என்று டீச்சர் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்வார். அதைக் கேட்டு ஒருவரும் அறையைத் திறந்து விட்டதில்லை.

முதல் பயணத்தில் ஒரு ஜங்ஷனில் இறங்கினோம். வெயிட்டிங் ரூம் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டு, ஓரத் தண்டவாளத்தில் நின்ற காலி கூட்ஸ் வண்டி ஒன்றைக் காட்டினார். வெங்காயம் ஏற்றி வந்த பெட்டி. சருகைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் புடவையை விரித்தோம். டீச்சர் சிரித்தார்.

"என்ன டீச்சர், சிரிக்கிய?"

"சௌகரியமான இடம்டி. கண்ல ஜலம் வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் நாங்கள் பார்க்கப் போன நோயாளி தெலுங்குக்காரர்.

இன்னோர் ஊரில், அலைந்து அலுத்துப் பொழுது சாயும் வேளையில் போலீஸ் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்டோம். பெண்களை அடைக்கும் லாக்கப் காலியாக இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். டீச்சர் சாவியைக் கேட்டு வாங்கி, கம்பிகளுக்கு இடையே கையை விட்டுத் தானே பூட்டிக்கொண்டார். "எதையாவது திருடியிருந்தா இந்த ரூம் தன்னால கெடைச்சிருக்கும். பறிகொடுத்தவாதான் கெஞ்ச வேண்டியிருக்கு" என்றார். ஆரம்பத்தில் தன் கூஜாத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாதவர், அன்று என் செம்பிலிருந்து வாங்கிக் குடித்தார்.

கடைசியாகப் போனது வார்தாவைத் தாண்டி ஒரு சின்ன ஊரிலிருந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு. பர்மாவிலிருந்து வந்தவர், பழசெல்லாம் மறந்துவிட்டது, தமிழ் பேசுகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பின்கழுத்தும் தோளும் அச்சு அசலாகக் கணவரைப் போலவே இருந்தனவாம். டீச்சர் என் கையை உதறிவிட்டுக் கட்டிலருகே ஓடினார். நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சரே கூப்பிட்டார்.

"விஸ்வநாதன்! இதோ பாருங்கோ, தங்கம் வந்திருக்கேன்."

அந்த மனிதர் மெல்லத் திரும்பினார். வேறு முகம்.

"கஞ்சி வந்துட்டா?" என்று கேட்டார்.

டீச்சர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "வந்துண்டே இருக்கு" என்றார். கஞ்சி வந்ததும் தானே வாங்கி ஊட்டினார். ஊர் எது, பெயர் என்ன என்று நான் கேட்டுப் பார்த்தேன். கஞ்சியைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை.

"இவரும் யாரோ ஒருத்தியோட ஆத்துக்காரர்" என்றார் டீச்சர். "அவ எங்கே தேடிண்டிருக்காளோ."

ரயில் மறுநாள்தான். நோயாளிகளை ஏற்றிவரும் மாட்டுவண்டி ஒன்று ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நின்றது. அதில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வண்டிக்குள் பினாயில் வாடை அடித்தது. டீச்சர் அன்று வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. காலையில் வண்டிக்காரர் மாட்டைப் பூட்ட வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. விழித்துக்கொண்டுதான் கிடந்தார். நான்தான் தோளைப் பிடித்து இறக்கினேன்.

பம்பாய் நெருங்கும்போது சொன்னார்: "இனிமே தேட வேண்டாம், பேச்சி."

"சரி டீச்சர்."

"ஆனா செத்துட்டார்னு மட்டும் யார் கேட்டாலும் சொல்லாதே."

அதன் பிறகு அவர் பள்ளிக்கு வந்தார், பாடம் நடத்தினார், வீட்டுக்குப் போனார். லீவு நாட்களில் அண்ணன் வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து பர்மா பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். இந்த ஜுரம் வந்தபோது அவர் அதோடு மல்லுக்கட்டவே இல்லை என்பது என் எண்ணம்.

நான் மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது உடலைக் குளிப்பாட்டியிருந்தார்கள். புடவை உடுத்தாமல் பெண்கள் தயங்கி நின்றார்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதா, வேண்டாமா? "இவ ஆத்துக்காரர் இருக்காரா இல்லையா, யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்" என்றார் ஒரு மாமி. அண்ணன் தலை நிமிரவில்லை. என்னைக் கை காட்டி, "அவளைக் கேளுங்கோ. கூடப் போனவ அவதான்" என்றார்.

அந்த வீட்டில் கூடத்தைத் தாண்டி நான் அதுவரை உள்ளே போனதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்காரு" என்றேன்.

குங்குமம் வைத்தார்கள். பூ வைத்துக் கொண்டுபோனார்கள்.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அது மெய் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வார்தாவிலிருந்து ரயிலில் வரும்போதே அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் நாளைக்கு யார் வந்து கேட்டாலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். கேட்டு வரத்தான் இனி ஆள் யாரும் இல்லை.