மந்தி பார்த்துக்கொண்டிருந்த கை

ஹமீதா டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது, மட்டாஞ்சேரி படகுத்துறையில் என் வாய் நிறையப் பழம்பொரி. கல்லூரியின் பழைய பியூன் அந்தோணிச் சேட்டன் பக்கத்தில் வந்து, "நம்ம டீச்சர் போயாச்சு சாரே, காலையில" என்றார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டீச்சரை அறிந்து இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களுக்கு என் தீனி வாயையும் தெரியும். அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை, நான் ஆபீஸ் குமாஸ்தா. தன் வாப்பாவின் சுக்குக் கிடங்குக்குப் பின்னால், அனுமதி வாங்கி இரண்டு கருமந்திகளைக் கூண்டில் வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார். உதவிக்கு நானே வலியப் போனேன். விஞ்ஞான ஆர்வம் என்று வெளியே சொன்னேன். அவருடைய உம்மா சுடும் உண்ணியப்பம்தான் காரணம். முதல் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றேன்.

"இது இலை தின்கிற ஜாதி சாரே. பழத்தைக் கண்டதும் பல்லைக் காட்ட, எல்லாரும் நம்மளைப் போலயா?" என்றார் டீச்சர்.

சுற்றிலும் இலையாகவே இருக்கிற காட்டில் பிறந்ததற்குக் காத்திருக்கத் தெரியுமா? இதுதான் அவருடைய கேள்வி. கூண்டுக்கு முன் ஒரு செம்பருத்தி இலை வைப்பார். உடனே எடுத்தால் அதோடு சரி. மணி அடிக்கும்வரை பொறுத்தால் ஒரு கொத்துத் தளிர். கொத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே சும்மா உட்காருவது என் உத்தியோகம். டீச்சர் தட்டிக்குப் பின்னால் இருந்து, துளை வழியாக மந்தியை மட்டும் பார்த்துக் குறிப்பெழுதுவார்.

பெண்மந்தி சில நாள் முனிவரைப்போல இருந்தது, சில நாள் பறித்தது. மூன்று மாதம் எழுதியும் காரணம் பிடிபடவில்லை. "நடுவுல ஏதாவது தின்னீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். "சேச்சே" என்றேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவருடைய தம்பி உட்கார்ந்தார். மந்தி ஒருநாளும் அவசரப்படவில்லை. நான் திரும்பியதும் டீச்சர் துளையை என் பக்கமும் தெரியும்படி வைத்துக்கொண்டார். என் கை முழங்காலுக்குப் பின்னால் ஒளித்திருந்த உண்ணியப்பத் தட்டுக்குப் போயிற்று. மந்தியின் கை இலைக்குப் போயிற்று. பயந்து இழுத்துக்கொண்டேன். அதுவும் இழுத்துக்கொண்டது.

"மூணு மாசமா நான் அளந்தது உங்க பொறுமையை சாரே. அதுக்கு யாரும் பட்டம் தரமாட்டாங்க."

"யாருக்குத் தெரியப்போகுது டீச்சர்? கணக்கை அப்படியே கொடுத்துடுங்க."

"அதுக்குத் தெரியுமே" என்று கூண்டைக் காட்டினார்.

பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டார். பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. துறைத்தலைவர் கடிந்துகொண்டபோது "என் கவனக்குறைவு" என்று மட்டும் சொன்னாராம். காப்பி கொண்டுபோன அந்தோணிச் சேட்டன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மறுபடி ஆரம்பித்தபோது என்னையே கூப்பிட்டார். "தின்னணும்னா தின்னுங்க. எப்போ தின்னீங்கன்னு எழுதி வச்சுடுங்க."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அந்த மூன்று மாதத்தைக் கெடுத்தது நான். எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போன இடத்தில் உண்ணியப்பத் தட்டு வந்தது. இரண்டு எடுத்தேன். அதையும் எழுதிவிட்டேன், டீச்சர்.