படம் எடுக்க விடாத வீடு

வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அது சரிந்து என் கணவரின் காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த கிழமையே சாம்பல்தீவில் எங்கள் படலைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. டவுனில் உள்ள ஒரு தேவாலயத்தின் மாதர் சங்கத்தார். ஒருவர் ஓய்வுபெற்ற ரீச்சர். மற்றவர் ஓர் இளம்பெண், கையில் போனோடு.

அரிசி, பருப்பு, மா, பால்மா எல்லாம் போட்ட ஒரு பையை விறாந்தையில் வைத்தார்கள். நான் பார்த்தது பையை அல்ல, அவர்களுடைய கைகளை. ஏதும் பிரசங்கத் துண்டு இருக்கிறதா என்று. எங்கள் பக்கத்தில் கதை அப்படித்தான். முதலில் அரிசி வரும், பிறகு ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், கடைசியில் சாமிப்படத்தைக் கழற்றச் சொல்வார்கள்.

"எங்களைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆஸ்பத்திரியில உங்கட ஆளுக்குப் பக்கத்துக் கட்டில்ல கிடந்தவர் எங்கட கோயில் ஆள்" என்றார் ரீச்சர்.

அதையும் நான் நம்பவில்லை.

இளம்பெண் போனைத் தூக்கினாள். "அக்கா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பைக்குப் பக்கத்தில நில்லுங்கோ. உதவி செய்யிற ஆக்களுக்குக் காட்டவேணும்."

"ஏலாது. இதைத் திருப்பிக் கொண்டுபோங்கோ."

"கொஞ்சம் சும்மா இரப்பா" என்று உள்ளே இருந்து கணவர் என்னைப் பார்த்துக் கத்தினார். ரீச்சர் போன் பிடித்திருந்த இளம்பெண்ணின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் ரீச்சர் தனியாக, பஸ்ஸில், பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"படத்துக்கு நிக்கமாட்டன். முதலே சொல்லிப்போட்டன்."

"படத்துக்கு நிக்காட்டிப் பசியாதோ, தங்கச்சி? சங்கத்தில சண்டை பிடிச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

எனக்காக இவ ஏன் சண்டை பிடிக்கவேணும்? தண்ணீர் குடித்து, கால் எப்படி என்று விசாரித்துவிட்டு அவர் போனதும், அரிசியைச் சுளகில் கொட்டி அளைந்து பார்த்தேன். அரிசிதான் இருந்தது. பால்மாப் பெட்டியையும் குலுக்கிப் பார்த்தேன்.

மாதாமாதம் வந்தார். கணவர் மெல்ல எழும்பி நடந்து திரும்பக் கடலுக்குப் போகத் தொடங்கியதும், இனி வேண்டாம் என்று சொன்னேன்.

"நல்ல சந்தோசம். திரியாயில ஒரு வீடு இருக்கு, இனி அங்க போறன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

செய்த உதவிக்குப் பதில் கேட்டு ஆராவது வருவார்கள் என்று பல கிழமை படலையைப் பார்த்தபடி இருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஒரு ஞாயிறு, மகளுக்குச் சப்பாத்து வாங்க டவுனுக்குப் போனபோது அந்தத் தேவாலய வளவில் சாப்பாட்டு விற்பனை நடந்துகொண்டிருந்தது. கொதிக்கும் எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் ரீச்சர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முகமெல்லாம் வியர்வையோடு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றார். இப்படிப் பொரித்து விற்ற காசில்தான் எங்களுக்கு அரிசி வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. றோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் மகளோடு அவரிடம் போனேன்.

"கால் எப்பிடி?" என்றார் என்னைக் கண்டதும்.

"கடலுக்குப் போறார், ரீச்சர்."

கேட்ட ரோல்ஸைச் சுற்றித் தந்தார். காசை நீட்டினேன். மறுக்காமல் வாங்கி மிச்சக் காசையும் தந்தார். சும்மா தந்திருந்தால் எனக்குத் திரும்பவும் சந்தேகம் வந்திருக்கும். உள்ளே வாங்கோ என்றும் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் நின்றதால் விலகி நடந்தோம். பஸ் வருமுன்னே மகள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டாள்.